மேற்கு மண்டலத்தில் பெண் காவலர்கள்: கொங்கு வட்டாரத்தின் அரை நூற்றாண்டு

தமிழ்நாடு காவல்துறையின் நிர்வாக வரைபடத்தில் கொங்கு நாடு 'மேற்கு மண்டலம்' என்று குறிக்கப்படுகிறது. கோவையில் உள்ள காவல்துறைத் தலைவர் (ஐ.ஜி.) அலுவலகத்தின் கீழ் இரண்டு சரகங்கள் இயங்குகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் கோவைச் சரகம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் சேலம் சரகம். இவை தவிர கோவை, சேலம், திருப்பூர் ஆகிய மூன்று மாநகரங்களுக்கும் தனி ஆணையர்கள் உண்டு. பழைய தகடூரான தருமபுரியைக் கொங்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆய்வாளர்கள் வாதிடலாம். காவல்துறை சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. இந்த வரலாற்றுக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது. காவல்துறையில் பெண்கள் என்ற பொருளில் தமிழ்நாட்டில் நடந்த முக்கியமான பல நிகழ்வுகள் ஏதோ ஒரு வகையில் தருமபுரியைத் தொட்டே சென்றுள்ளன.

தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்ந்து 2023ஆம் ஆண்டுடன் 50 ஆண்டுகள் நிறைந்தன. 22 பேருடன் தொடங்கிய எண்ணிக்கை இன்று 35 ஆயிரத்தைக் கடந்திருக்கிறது. இந்திய மாநிலங்களின் சராசரியோடு ஒப்பிட்டால் இது பெரிய எண்ணிக்கை. நாடு முழுவதும் காவலர்களில் பெண்கள் எட்டில் ஒரு பங்கைத் தாண்டுவதற்கே திணறும்போது, தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். ஆனால் இந்தப் பெண்கள் காவல்துறைக்குள் எந்த வாசல் வழியாக வந்தார்கள், வந்தபின் எந்த அறைகளில் அமர்த்தப்பட்டார்கள் என்பது எண்ணிக்கை சொல்லாத கதை.

ஆலைகளும் காக்கியும்

இந்தியாவில் பெண் போலீசின் தேவை முதலில் உணரப்பட்டது பெண்களைப் பாதுகாக்க அல்ல, பெண்களைக் கட்டுப்படுத்த. 1933இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் கமலம்மா என்பவரைக் காவலராக நியமித்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1930களின் இறுதியில் கான்பூர் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பெண் காவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஆலை வாசலில் மறித்து அமர்ந்த பெண்களை ஆண் போலீஸ் தொட்டால் பிரச்சினையாகும் என்பதே காரணம்.

கோவை அப்போது தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த ஊர். கான்பூரைப் போலவே பஞ்சாலைகளும் பெண் தொழிலாளர்களும் வேலைநிறுத்தங்களும் இங்கும் இருந்தன. பெண் போலீஸ் மட்டும் இல்லை. சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட வழக்கின் வேர், ஓர் ஆலைப் பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமை. அந்தப் பெண் துணிந்து புகார் கொடுக்க முன்வந்திருந்தாலும், அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பெண் காவலர்கூட அன்றைய சென்னை மாகாணக் காவல் நிலையங்களில் கிடையாது.

பெண்ணின் உடலைச் சோதனையிட வேண்டுமானால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொன்னது. ஆனால் 'இன்னொரு பெண்' என்றுதான் சொன்னதே தவிர, அவர் காவலராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நிலையத்தின் உள்ளே நடப்பதற்குப் பொறுப்பேற்காத யாரோ ஒரு பெண் போதும் என்று சட்டம் திருப்திப்பட்டுக்கொண்டது.

மு. கருணாநிதி முதல்வராக இருந்த 1973ஆம் ஆண்டில் தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். உதவி ஆய்வாளராகச் சேர்ந்தவர் உஷாராணி. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கோழிக்கோட்டில் இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையத்தைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்துவைத்தார். கோவையிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் அது. இந்த நிலையம் என்ற ஏற்பாடு கணவாயைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வர 19 ஆண்டுகள் பிடித்தன.

1973க்கு இன்னொரு பக்கமும் உண்டு. லண்டன் மாநகரக் காவல்துறை, அதுவரை தனியாக இயங்கிவந்த தன் மகளிர் பிரிவைக் கலைத்து, பெண்களைப் பொதுப் பணியோடு இணைத்தது அந்த ஆண்டில்தான். பெண்ணுக்குத் தனிப் பிரிவு என்பது அங்கே முடிந்துபோன காலத்தில் இங்கே தொடங்கியது. இதைப் பின்தங்கல் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. லண்டனில் பெண்கள் அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் தனிப் பிரிவில் பணியாற்றி முடித்திருந்தார்கள். இங்கே காவல் நிலையத்துக்குள் ஒரு பெண் போய்வந்தாலே ஊரில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசும் காலம் அது. வேலைக்குச் செல்வது என்றால் ஆசிரியை, செவிலி, ஆலைத் தொழிலாளி என்ற மூன்று வழிகளே கண்ணில் பட்ட காலத்தில், மகளைக் காக்கி உடுத்த அனுமதித்த குடும்பங்கள் குறைவு.

அந்தக் குறைந்த வழிகளுக்கு நடுவே தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் 1951இல் பிறந்த ஒரு பெண் இந்தியக் காவல் பணித் தேர்வில் வென்றார். 1976ஆம் ஆண்டுத் தொகுதியில் சேர்ந்த திலகவதி, தமிழ்நாட்டிலிருந்து ஐ.பி.எஸ். ஆன முதல் பெண். கிரண் பேடி நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியாகி அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. திலகவதியை இலக்கிய வாசகர்கள் வேறு விதமாக அறிவார்கள். கட்டடத் தொழிலாளர்களின் வாழ்வைச் சொன்ன 'கல்மரம்' நாவலுக்காக 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் அவர். அவரோடு அதே தொகுதியில் சேர்ந்த லத்திகா சரண் 2006இல் சென்னை மாநகரின் முதல் பெண் காவல் ஆணையராகவும், 2010இல் மாநிலத்தின் முதல் பெண் டி.ஜி.பி.யாகவும் ஆனார். நாட்டிலேயே இரண்டாவது பெண் டி.ஜி.பி. அவர். உச்சியில் இவ்வாறு இருவர் ஏறிக்கொண்டிருந்தபோது, கீழ் வரிசையில் காவலராகச் சேர்ந்த பெண்களின் கதை வேறாக இருந்தது. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்பவர் பத்து ஆண்டுகளில் முதல் நிலைக் காவலர், பதினைந்து ஆண்டுகளில் தலைமைக் காவலர், இருபத்தைந்து ஆண்டுகளில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்பதுதான் நெடுங்காலம் இருந்த நடைமுறை. தமிழ்நாட்டுப் பெண் காவலர்களில் மிகப் பெரும்பாலோர் பயணம் செய்த படிக்கட்டு இதுவே.

1992

இந்த வரலாற்றில் 1992 ஒரு விந்தையான ஆண்டு. அந்த ஆண்டு முதல்வர் ஜெ. ஜெயலலிதா சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு, பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி மலைக்கிராமத்துக்குள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள்.

வாச்சாத்தி வழக்கில் 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். தீர்ப்பு வர 19 ஆண்டுகள் ஆயின. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 84 பேர் காவல்துறையினர். சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை 2023 செப்டம்பர் 29 அன்று உறுதி செய்தது. தலைநகரில் பெண்களின் புகாரைப் பெண்களே கேட்க ஒரு நிலையம் திறந்த அரசின் சீருடையே, மலையடிவாரத்தில் பெண்கள் யாரிடமிருந்து பாதுகாப்புத் தேட வேண்டும் என்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. மகளிர் காவல் நிலையங்களைப் பாராட்டி எழுதப்படும் கட்டுரைகளில் வாச்சாத்தி இடம்பெறுவதில்லை. இரண்டும் ஒரே ஆண்டின், ஒரே துறையின் வரலாறு.

மகளிர் காவல் நிலையங்கள் பிறகு உட்கோட்டத்துக்கு ஒன்று என்ற அளவில் மாநிலம் முழுவதும் பரவின. இன்று 200க்கும் மேற்பட்டவை உள்ளன. கோவை மாநகரில் மத்திய, கிழக்கு, மேற்கு என்ற பெயர்களிலும், புறநகரில் பேரூர், துடியலூர், பொள்ளாச்சி, வால்பாறை முதலிய ஊர்களிலும் இயங்குகின்றன. உலக அளவில் இதற்கு முன்னோடி உண்டு. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 1985இல் பெண்களுக்கான தனிக் காவல் நிலையத்தைத் தொடங்கியது. ஆனால் இத்தனை நிலையங்களைச் சிற்றூர் வரை கொண்டுசென்றதில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு.

கொங்கு வட்டாரத்தில் இந்த நிலையங்களுக்கு வரும் மனுக்கள் இரண்டு வகையில் அடங்கிவிடும். ஒன்று, பவுன் கணக்கும் கார் கணக்கும் பேசி முடித்த திருமணங்கள் முறிவது. மற்றொன்று, சாதி மாறி மணந்துகொண்டு மாலையும் கழுத்துமாக வந்து நிற்கும் இணையர். 'காதல் ஜோடி மகளிர் போலீசில் தஞ்சம்' என்ற தலைப்பு கோவை, ஈரோடு, நாமக்கல் பதிப்பு நாளிதழ்களில் வராத வாரம் அரிது. முதல் வகையில் நிலையத்தின் பெண் ஆய்வாளர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரின் வேலையைச் செய்தார். இரு தரப்பையும் அழைத்து, பேசி, சேர்த்துவைத்து அனுப்புவது. வழக்குப் பதியாமல் சேர்த்துவைத்தே அனுப்புகிறார்கள், அடி வாங்கிய பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்புகிறார்கள் என்ற குறை தொடக்கம் முதலே உண்டு. மறுபுறம், பொது நிலையத்தின் படியேறத் தயங்கிய பெண்கள் இங்கே ஏறினார்கள் என்பதையும் மறுக்க முடியாது. இரண்டாம் வகையில் அந்த ஆய்வாளர் எடுக்கும் முடிவு சில நேரங்களில் உயிர் காப்பது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதற்குப் பிறகு, சாதி மறுப்பு இணையர் கேட்கும் பாதுகாப்பு எவ்வளவு அவசரமானது என்பது யாருக்கும் விளக்க வேண்டாததாயிற்று.

குற்றவியல் அறிஞர் மங்கை நடராஜன் தமிழ்நாட்டுப் பெண் காவலர்களை நெடுங்காலம் ஆய்ந்து 2008இல் வெளியிட்ட ஆங்கில நூலின் துணைத் தலைப்பு, தனிப் பிரிவைச் சமத்துவத்துக்கான கொல்லைப்புற வாசல் என்று வருணிக்கிறது. மரபில் ஊறிய ஒரு சமூகத்தில், தனி நிலையங்கள் பெண்களுக்குப் பயிற்சியும் தன்னம்பிக்கையும் பொதுமக்களின் மதிப்பும் பெற்றுத் தந்தன, அதன் வழியாகவே அவர்கள் பொதுப் பணிக்குள் நுழைய முடியும் என்பது அவரது வாதத்தின் சாரம். வலுவான வாதம்தான். ஆனால் கொல்லைப்புறத்தில் வந்தவர் கூடத்துக்குள் எப்போது அழைக்கப்படுவார் என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. சட்டம் ஒழுங்கு நிலையத்தின் ஆய்வாளர் நாற்காலியில் பெண் அமர்வது நெடுங்காலம் விதிவிலக்காகவே இருந்தது. 2021 நவம்பர் மழையில் சென்னை டி.பி. சத்திரம் ஆய்வாளர் ராஜேஸ்வரி, கல்லறைத் தோட்டத்தில் மயங்கிக் கிடந்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சி நாடெங்கும் பரவியது. அத்தனை பேர் வியந்ததற்குக் காரணம் அவரது வலிமை மட்டுமா, அல்லது அப்படி ஒரு நிலையத்துக்கு ஒரு பெண் பொறுப்பில் இருந்ததுமா என்று கேட்கத் தோன்றும்.

மைதானத்தில்

பெண்களின் எண்ணிக்கை உயர்ந்ததற்குத் தனி நிலையங்கள் மட்டும் காரணமல்ல. 1989இல் தமிழ்நாடு அரசு நேரடி நியமனங்களில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு கொண்டுவந்தது. சீருடைப் பணியாளர் தேர்வுகளில் அது பெரிய கதவைத் திறந்தது. இதோடு சட்டங்களும் தேவையைப் பெருக்கின. பெண் கைதிகளைத் தனி அறையில் வைத்துப் பெண் காவலர்களே காவல் காக்க வேண்டும் என்று 1983இல் ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சூரியன் மறைந்த பின் பெண்களைக் கைது செய்வதற்கு 2005இல் கட்டுப்பாடு வந்தது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே பதிய வேண்டும் என்று 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு திருத்தமும் ஒவ்வொரு நிலையத்திலும் பெண் ஒருவரேனும் இருந்தே தீர வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது.

கோவை அவிநாசி சாலையில் உள்ள பி.ஆர்.எஸ். மைதானத்தின் பெயர், அங்கிருந்த காவலர் பயிற்சிப் பள்ளியின் ஆங்கில எழுத்துச் சுருக்கம். கொங்கு இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த மைதானம். காவலர் தேர்வில் உடல் தகுதிக்கு ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ. உயரம் வேண்டும், பெண்களுக்கு 159. பட்டியல் வகுப்பினருக்கு இது 167, 157. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில். பத்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும் என்ற தேர்வுக்குப் பட்டம் பெற்ற பெண்கள் திரளாக வருகிறார்கள். ஆலை வேலையும் பனியன் கம்பெனி வேலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வட்டாரத்தில், நிரந்தர ஊதியமும் ஓய்வுக்கால உறுதியும் உள்ள அரசு வேலை என்பது ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மண் அது. அந்தக் கணக்கெடுப்பில் பெண் குழந்தையாக எண்ணப்பட்டவர்கள்தாம் சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, அளவுகோலின் முன் நிமிர்ந்து நின்று காவலர் பணிக்குத் தேர்வானவர்கள்.

திருச்செங்கோடு, 2015

திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் கோயிலில் 2015 ஜூன் 23 அன்று தோழியுடன் பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி அவர். தோழி வேறு சாதி. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடைத்தது. சாதி அமைப்பொன்றின் தலைவரான யுவராஜ் தேடப்பட்டார். தலைமறைவாக இருந்தபடியே அவர் ஒலிப்பதிவுகள் வெளியிட்டுக் காவல்துறைக்குச் சவால் விட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வழக்கு விசாரணையில் ஈடுபட்டிருந்தவர் திருச்செங்கோடு துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுப்பிரியா. கடலூரைச் சேர்ந்தவர், வயது 27. தொகுதி 1 தேர்வு எழுதி நேரடியாக டி.எஸ்.பி. ஆனவர். பணிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மாநிலமே பார்த்துக்கொண்டிருந்த, சாதியும் அரசியலும் பின்னிக்கிடந்த ஒரு வழக்கு அந்த இளம் அதிகாரியின் தோளில் வைக்கப்பட்டது. 2015 செப்டம்பர் 18 அன்று அவர் தம் குடியிருப்பில் தூக்கில் தொங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டார்.

உயர் அதிகாரிகள் கொடுத்த நெருக்கடியே காரணம் என்று குடும்பத்தினரும் அவரது தோழியான இன்னொரு டி.எஸ்.பி.யும் வெளிப்படையாகக் கூறினார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. குடும்பத்தினர் நீதிமன்றம் சென்றதால் 2016இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. சி.பி.ஐ. வழக்கை முடித்துக்கொள்ளக் கேட்டு அறிக்கை தாக்கல் செய்தது. குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. கோகுல்ராஜ் கொலை வழக்கில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

விஷ்ணுப்பிரியாவின் மரணத்தைப் பெண் என்பதால் தாங்க முடியவில்லை என்று சுருக்கிப் பேசியவர்கள் உண்டு. அது பிழையான பேச்சு. காவல்துறையில் தற்கொலை ஆண்களிடமும் நிகழ்கிறது. 2023 ஜூலையில் கோவைச் சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் தம் முகாம் அலுவலகத்தில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். இளம் அதிகாரி ஒருவர் மேலிடத்தைப் பற்றி முறையிட, அந்த மேலிடத்தைத் தாண்டி வேறு இடம் இல்லாத படிநிலையே இங்கே கவனிக்க வேண்டியது. அதில் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள் பெண்கள் என்பதால் அவர்களுக்குத் துணை நிற்க மூத்தவர்களும் குறைவு.

இது கற்பனையான கவலை அல்ல என்பதை 2021 பிப்ரவரி காட்டியது. முதல்வரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது சட்டம் ஒழுங்குப் பொறுப்பிலிருந்த சிறப்பு டி.ஜி.பி. தம்மிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக ஒரு பெண் மாவட்டக் கண்காணிப்பாளரே புகார் கொடுக்க நேர்ந்தது. புகார் கொடுக்கச் சென்னைக்குச் சென்ற அவரது காரை வழியில் மறித்து நிறுத்தியது காவல்துறையே. விழுப்புரம் நீதிமன்றம் 2023 ஜூன் 16 அன்று அந்தச் சிறப்பு டி.ஜி.பி.க்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. காரை மறித்த கண்காணிப்பாளருக்கு 500 ரூபாய் அபராதம். ஒரு மாவட்டத்தின் காவல்துறையையே கையில் வைத்திருந்த பெண்ணின் நிலை இது என்றால், இரண்டாம் நிலைப் பெண் காவலர் எந்தத் துணிவில் புகார் எழுதுவார்?

சாமளாபுரமும் பொள்ளாச்சியும்

2017 ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடைக்கு எதிராகப் பெண்கள் மறியல் செய்தார்கள். கூட்டத்தைக் கலைக்க வந்த கூடுதல் கண்காணிப்பாளர் ஒரு பெண்ணின் கன்னத்தில் அறைந்தார். காட்சி சில மணி நேரத்தில் தமிழகமெங்கும் ஓடியது. கான்பூர் ஆலை வாசலில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே உணரப்பட்டிருந்த ஒன்று, பெண் காவலர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் மாநிலத்தில் மறக்கப்பட்டிருந்தது.

அதே அதிகாரி பின்னர் பதவி உயர்ந்து கோவை மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்தபோதுதான் பொள்ளாச்சி வழக்கு வெடித்தது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி கொடுத்த புகாரிலிருந்து, பெண்களை மிரட்டிப் படம்பிடித்து வன்முறைக்கு உள்ளாக்கிய ஒரு கும்பல் வெளிப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக்கூடாது என்பது சட்டம். செய்தியாளர் சந்திப்பிலேயே அந்தப் பெயர் வெளியானது. அரசாணையிலும் இடம்பெற்றது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெயர் வெளியானதைக் கண்ட பிறகு வேறு எந்தப் பெண் புகார் தர முன்வருவார் என்ற அச்சம் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பளித்த நீதிபதி நந்தினி தேவி. பாதிக்கப்பட்ட பெண்களில் எவரும் சாட்சியத்திலிருந்து பின்வாங்கவில்லை.

ஒரு விநாடியும் சொச்சமும்

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது விண்ணப்பப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. திருநங்கையான அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை உச்ச நீதிமன்றம் நல்சா வழக்கில் 2014 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டிருந்தும், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் படிவம் மாறியிருக்கவில்லை. அவர் உயர் நீதிமன்றம் சென்றார். எழுத்துத் தேர்வுக்கு ஓர் உத்தரவு, உடல் தகுதித் தேர்வுக்கு ஓர் உத்தரவு என்று ஒவ்வொரு கட்டத்தையும் நீதிமன்றத்தின் வழியாகவே கடக்க வேண்டியிருந்தது. நூறு மீட்டர் ஓட்டத்தில் 1.1 விநாடி தாமதம் என்று நிறுத்தினார்கள். அதற்கும் நீதிமன்றம்.

2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அவருக்குப் பணி வழங்க வேண்டும் என்றும், அடுத்த தேர்விலிருந்து மூன்றாம் பாலினத்தவருக்கு இடமளிக்க வேண்டும் என்றும் கூறியது. பயிற்சி முடித்து 2017 ஏப்ரலில் அவர் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்ற மாவட்டம் தருமபுரி. திலகவதி பிறந்த மாவட்டம், வாச்சாத்தியின் மாவட்டம்.

சலுகையும் பணியும்

2021 ஜூனில் முதல்வர் செல்லும் சாலைகளில் பாதுகாப்புக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று மு.க. ஸ்டாலின் அறிவுறுத்த, டி.ஜி.பி. அதை உத்தரவாக்கினார். கழிப்பறை இல்லாத சாலையோரத்தில், வெயிலில், மாதவிடாய் நாள்களிலும் மணிக்கணக்கில் நின்ற பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். கோவை போல முக்கியப் பிரமுகர் வருகை ஓயாத ஊரில் அதன் அருமை நன்றாகவே தெரியும். ஆனால் சிக்கல் கழிப்பறை இல்லாதது. தீர்வாக அகற்றப்பட்டது பெண் காவலர். பெண்கள் வேண்டாம் என்ற இடங்களின் பட்டியலில் நல்லெண்ணத்தோடு இன்னோர் இடம் சேர்ந்தது.

2023 மார்ச் 17 அன்று சென்னையில் நடந்த பொன்விழாவில் அறிவிக்கப்பட்டவை இதைவிட வேரைத் தொட்டன. காலை ஏழு மணிக்கு இருந்த வருகை அணிவகுப்பு எட்டு மணிக்கு மாற்றப்பட்டது. குழந்தைகளுக்குச் சமைத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பணிக்கு ஓடும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு என்பதை அறிந்தவர்கள் எழுதிய அறிவிப்பு அது. காவல் நிலையங்களில் பெண்களுக்குத் தனி ஓய்வறையும் கழிப்பறையும், குழந்தைகள் காப்பகம், தங்கும் விடுதிகள், பெண்களுக்கென ஆண்டுதோறும் துப்பாக்கி சுடும் போட்டி ஆகியவையும் அறிவிக்கப்பட்டன. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு, பெற்றோரோ கணவர் குடும்பமோ இருக்கும் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகள் பணி என்று 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. கைக்குழந்தையை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு இருநூறு மைல் தள்ளிப் பணி செய்த தலைமுறைக்கு இது வாய்க்கவில்லை.

கோவை மாநகரக் காவல்துறை 2022இல் 'போலீஸ் அக்கா' திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரிகளுக்குப் பெண் காவலர்கள் பொறுப்பாக நியமிக்கப்பட்டார்கள். மாணவிகள் நிலையத்துக்கு வராமலேயே அவர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லைகளைச் சொல்லலாம். பொள்ளாச்சிக்குப் பிறகான கோவையில் இதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. மாவட்டக் காவல்துறை அதே காலத்தில் பள்ளிக் குழந்தைகளுக்காகப் 'ப்ராஜெக்ட் பள்ளிக்கூடம்' நடத்தியது. அக்கா என்ற உறவுமுறை கொங்குக்கு இயல்பானது, நெருக்கமானது. நிலையத்தின் ஆய்வாளரை அப்படிக் கூப்பிடத் தயங்கும் ஒரு பெண், அக்காவிடம் பேசிவிடுவார். ஆனால் இந்தப் பணியும் பெண் காவலருக்கென்று ஒதுக்கப்பட்ட பட்டியலிலேயே சேர்கிறது.  பெண்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மாணவர்களிடமும் பேசினால் அக்காவின் வேலை கொஞ்சம் குறையும்.

மேலடுக்கில் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. 2021இல் திருப்பூர் மாநகர ஆணையராக வனிதா வந்தார். 2023இல் சேலம் மாநகர ஆணையர் விஜயகுமாரி. அதே ஆண்டில் கோவையில் மேற்கு மண்டல ஐ.ஜி.யாக பவானீஸ்வரி பொறுப்பேற்றார். மாநகரங்கள் நீங்கலாகக் கொங்கின் மாவட்டக் காவல்துறைக்கு ஒரு பெண் தலைவர். இவை மகளிருக்கென்று ஒதுக்கப்பட்ட பதவிகள் அல்ல.

கீழடுக்கில் கணக்கு இன்னும் பழையபடி இருந்தது. 2022ஆம் ஆண்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு அறிவிப்பில் ஆயுதப்படைக்கு 2,180 இடங்கள். அதில் பெண்களுக்கு 654, அதாவது சரியாக 30 சதவீதம். அதே அறிவிப்பில் தமிழ்நாடு சிறப்புக் காவல்படைக்கு 1,091 இடங்கள் இருந்தன. அவை முழுக்க ஆண்களுக்கு.